குபெர்நெட்டிஸ் பதிப்பு மாறியதும் மென்பொருள் உடைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பல மெஷின்களை (நோட்கள்) ஒரே க்ளஸ்டராகச் சேர்த்து அதில் கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்நெட்டிஸில் இப்போது ஆண்டுக்கு மூன்று மைனர் பதிப்புகள் (1.29, 1.30 போல) வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம் பேட்ச் கிடைக்கும். முதல் 12 மாதம் வழக்கமான ஆதரவு, கடைசி 2 மாதம் பாதுகாப்பு ஓட்டை போன்ற அவசரப் பிழைகளுக்கு மட்டும். எனவே எந்த நாளிலும் குறைந்தது மூன்று மைனர் பதிப்புகள் ஆதரவில் இருக்கும். க்ளஸ்டரில் ஓடும் மென்பொருளை எழுதுபவரும் சரி, நிறுவிப் பராமரிப்பவரும் சரி, இந்த மூன்றிலும் அது ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடத் தொடங்கும் முன் ஒன்று தெளிவாக இருந்தால் பாதி நேரம் மிச்சம். ஒரு ஏபிஐ பதிப்பு நீக்கப்பட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொருள் செத்துவிடாது. க்ளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியில் இருக்கும் இன்கிரெஸ் (வெளியிலிருந்து வரும் வலைக் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்ற விதி) அங்கேயேதான் இருக்கும். புதிய முகவரியில், அதாவது புதிய ஏபிஐ பதிப்பின் பெயரில், கேட்டால் க்ளஸ்டரின் நுழைவாயிலான ஏபிஐ சர்வர் எடுத்துத் தரும். உடைவது பழைய முகவரிக்குக் கேட்டு அனுப்பும் பக்கம்: சிஐ பைப்லைன் (தானாகச் சோதித்து நிறுவும் வரிசை), ஹெல்ம் (மென்பொருளைச் சார்ட் என்ற தொகுப்பாக நிறுவும் கருவி), ஏதோ ஒரு ஆபரேட்டர் (க்ளஸ்டருக்குள் ஓடி வேறொரு மென்பொருளைப் பராமரிக்கும் நிரல்), யாரோ எழுதி வைத்த ஸ்கிரிப்ட். அப்கிரேட் முடிந்த அன்று எல்லாம் பச்சையாக இருந்து, அடுத்த வாரம் முதல் டெப்ளாயில் எல்லாம் சிவப்பாவது இதனால்தான். ஆகவே ஓடும் பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) ஒன்றைக் குடையாமல், அனுப்புவது யார் என்று தேடுங்கள்.

கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டவும்.

## எல்லாவற்றுக்கும் முன்: எது எந்தப் பதிப்பில் இருக்கிறது

கியூப்சிடிஎல் வெர்ஷன்
கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ் -ஓ வைட்

முதல் கட்டளை உங்கள் கையில் இருக்கும் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லின் பதிப்பையும் ஏபிஐ சர்வரின் பதிப்பையும் காட்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மைனர் பதிப்பு முன்னே பின்னே இருக்கலாம்; அதற்கு மேல் போனால் வரும் விசித்திரங்களைப் பிழை என்று துரத்தாதீர்கள், முதலில் கியூப்சிடிஎல்லை மாற்றுங்கள். இரண்டாவது கட்டளை ஒவ்வொரு நோடின் கியூப்லெட் (நோடில் பாட்களை ஓட்டும் நிரல்) பதிப்பு, ஓஎஸ், கெர்னல், கன்டெய்னர் ரன்டைம் நான்கையும் ஒரே வரியில் தரும். அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் இதன் வெளியீட்டைச் சேமித்து வையுங்கள். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு விடை அந்த இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தில் கிடைத்துவிடும்.

அனுமதிக்கப்பட்ட இடைவெளி இவ்வளவு: கியூப்லெட் ஒருபோதும் ஏபிஐ சர்வரை விடப் புதியதாக இருக்கக் கூடாது, மூன்று மைனர் வரை பழையதாக இருக்கலாம். 1.25க்கு முந்தைய கியூப்லெட்டுக்கு இந்தச் சலுகை இரண்டு மைனர்தான். கன்ட்ரோலர் மேனேஜரும் ஷெட்யூலரும் ஏபிஐ சர்வரை விட ஒரு மைனர் வரை பின்தங்கலாம். பல ஏபிஐ சர்வர்கள் இருந்தால் அவற்றுக்குள் வித்தியாசம் ஒன்றைத் தாண்டக் கூடாது.

## அறிகுறி: «நோ மேட்சஸ் ஃபார் கைண்ட்»

அப்ளை செய்யும்போது «நோ மேட்சஸ் ஃபார் கைண்ட் இன்கிரெஸ் இன் வெர்ஷன் எக்ஸ்டென்ஷன்ஸ்/வி1பீட்டா1» என்று வந்தால் மேனிஃபெஸ்டில் (பொருளை விவரிக்கும் யாமல் கோப்பில்) உள்ள ஏபிஐவெர்ஷன் இந்த சர்வரில் இல்லை. சர்வரில் என்ன இருக்கிறது என்பதைக் கியூப்சிடிஎல் ஏபிஐ-வெர்ஷன்ஸ் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய நீக்கங்கள் நடந்த பதிப்புகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1.16இல் எக்ஸ்டென்ஷன்ஸ், ஆப்ஸ்/வி1பீட்டா1, வி1பீட்டா2 ஆகியவற்றில் இருந்த டெப்ளாய்மென்ட், டீமன்செட், ரெப்ளிகாசெட் போயின. 1.22இல்தான் அதிகம் அடிபட்டது: இன்கிரெஸ், சிஆர்டி (நாமே சேர்க்கும் பொருள் வகையின் வரையறை), அட்மிஷன் வெப்ஹூக் (உள்ளே வரும் பொருளைச் சோதிக்கும் சேவை), ஆர்பிஏசி (அனுமதி விதிகள்), லீஸ் (தலைவரைத் தேர்ந்தெடுக்க உதவும் பூட்டு) எல்லாவற்றின் வி1பீட்டா1ம் ஒரே நாளில் போனது. 1.25இல் கிரான்ஜாப், பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் இரண்டின் வி1பீட்டா1, எச்பிஏவின் (பாட் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) வி2பீட்டா1 போயின. பாட்களுக்குப் பாதுகாப்பு விதி போடும் பாட் செக்யூரிட்டி பாலிசி அடியோடு போனது. 1.26இல் எச்பிஏவின் வி2பீட்டா2.

இங்கே பலர் விழும் குழி ஒன்று. «எங்கள் இன்கிரெஸ் எல்லாம் வி1தான், கெட் செய்து பார்த்தோம்» என்பார்கள். கியூப்சிடிஎல் கெட் காட்டுவது நீங்கள் அனுப்பிய பதிப்பை அல்ல. சர்வர் விரும்பித் தரும் பதிப்பை. பத்து நாளைக்கு முன் வி1பீட்டா1இல் அனுப்பியதும் கெட்டில் வி1 என்றே தெரியும். எந்த முகவரியில் அனுப்பப்பட்டது என்று அறிய அதே வெளியீட்டில் மெட்டாடேட்டாவுக்குக் கீழே «லாஸ்ட்-அப்ளைடு-கான்ஃபிகரேஷன்» என்ற அனோட்டேஷனைப் படியுங்கள். அதைவிட உறுதியானது கிட் ரெப்போவில் இருக்கும் யாமலையே தேடுவது. ப்ளூட்டோ போன்ற கருவி கோப்புகளையும் ஹெல்ம் ரிலீஸ்களையும் படித்து எது எந்தப் பதிப்பில் போகும் என்று சொல்லிவிடும்.

ஏபிஐவெர்ஷன் வரியை மட்டும் மாற்றினால் போதாத இடங்கள் இருக்கின்றன. இன்கிரெஸில் பழைய «சர்வீஸ்நேம்», «சர்வீஸ்போர்ட்» இரண்டும் தட்டையாக இருந்தன. வி1இல் பேக்எண்டுக்குக் கீழே «சர்வீஸ்», அதற்குள் «நேம்», அதன் பக்கத்தில் «போர்ட்», போர்ட்டுக்குள் எண்ணாக இருந்தால் «நம்பர்», பெயராக இருந்தால் «நேம்». ஒவ்வொரு பாதைக்கும் «பாத்டைப்» கட்டாயம். கியூப்சிடிஎல் கன்வர்ட் என்ற தனி ப்ளகின் இதை மாற்றித் தரும். ஆனால் பாத்டைப்பில் «இம்ப்ளிமென்டேஷன்ஸ்பெசிஃபிக்» என்று போட்டுவிட்டுப் போகும். கன்ட்ரோலரை மாற்றினால் அதன் பொருளும் மாறும். நீங்களே «ப்ரீஃபிக்ஸ்» அல்லது «எக்ஸாக்ட்» என்று எழுதிவிடுங்கள்.

எச்பிஏ வி2பீட்டா2இலிருந்து வி2க்கு வருபவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. வி2பீட்டா1இலிருந்து வருபவர்கள் «டார்கெட்ஆவரேஜ்யூட்டிலைசேஷன்» என்ற ஒற்றை வரியை «டார்கெட்» என்ற கட்டத்துக்குள் «டைப்: யூட்டிலைசேஷன்», «ஆவரேஜ்யூட்டிலைசேஷன்» என்று பிரித்து எழுத வேண்டும்.

சிஆர்டி வி1 ஸ்கீமா கேட்கும். இல்லாமல் அனுப்பினால் «ஸ்கீமாஸ் ஆர் ரிக்வயர்டு» என்று திருப்பிவிடும். அவசரத்துக்கு «டைப்: ஆப்ஜெக்ட்» என்று மட்டும் எழுதி அனுப்புபவர்கள் உண்டு. பிழை வராது. ஆனால் ஸ்கீமாவில் சொல்லப்படாத புலங்களை எல்லாம் சர்வர் சத்தமில்லாமல் கத்தரித்துவிடும். ஆபரேட்டருக்குக் காலியான ஸ்பெக்தான் வந்து சேரும். முழு ஸ்கீமா எழுத நேரமில்லை என்றால், எழுதும் வரைக்கும் «எக்ஸ்-குபெர்நெட்டிஸ்-ப்ரிசர்வ்-அன்னோன்-ஃபீல்ட்ஸ்: ட்ரூ» என்பதையும் சேர்த்து வையுங்கள்.

பாட் செக்யூரிட்டி பாலிசிக்கு மாற்றுப் பதிப்பு கிடையாது. மேனிஃபெஸ்டிலிருந்து நீக்கிவிட்டு, நேம்ஸ்பேஸில் பாட் செக்யூரிட்டி லேபிளைப் போட வேண்டும். முதலில் «வார்ன்» நிலையில் «பேஸ்லைன்» போட்டு எது கத்துகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு «என்ஃபோர்ஸ்» போடுங்கள்.

## அறிகுறி: சார்ட்டைத் திருத்திய பிறகும் ஹெல்ம் அப்கிரேட் அதே பிழை

எங்களிடம் வரும் கேள்விகளில் மிக அதிகம் குழப்புவது இதுதான். டெம்ப்ளேட்டில் எல்லாம் வி1. ஹெல்ம் டெம்ப்ளேட் ஓட்டினாலும் வி1. ஆனால் ஹெல்ம் அப்கிரேட் «அனேபிள் டு பில்ட் குபெர்நெட்டிஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃப்ரம் கரன்ட் ரிலீஸ் மேனிஃபெஸ்ட்» என்று நிற்கும்.

அந்தச் செய்தியில் «கரன்ட் ரிலீஸ்» என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹெல்ம் குறை சொல்வது உங்கள் புதிய சார்ட்டை அல்ல, போன முறை நிறுவியதை. ஹெல்ம் 3 ஒவ்வொரு ரிலீஸின் முழு மேனிஃபெஸ்டையும் அதே நேம்ஸ்பேஸில் ஒரு சீக்ரெட்டாகச் சேமிக்கிறது. பெயர் «எஸ்எச்.ஹெல்ம்.ரிலீஸ்.வி1.கடை.வி7» என்கிற மாதிரி இருக்கும்: ரிலீஸ் பெயர் கடை, ஏழாவது ரிவிஷன். அப்கிரேடின்போது பழையது, புதியது, க்ளஸ்டரில் இருப்பது மூன்றையும் ஒப்பிட வேண்டும். அதற்குப் பழைய மேனிஃபெஸ்டில் உள்ள பொருளை சர்வரிடம் கேட்கிறது. அந்த முகவரியே சர்வரில் இல்லை, நின்றுவிடுகிறது.

உறுதி செய்ய:

ஹெல்ம் கெட் மேனிஃபெஸ்ட் கடை

இதில் பழைய ஏபிஐவெர்ஷன் தெரிந்தால் காரணம் இதுவே. தீர்வு மேப்கியூப்ஏபிஐஸ் என்ற ஹெல்ம் ப்ளகின்:

ஹெல்ம் மேப்கியூப்ஏபிஐஸ் --ட்ரை-ரன் கடை
ஹெல்ம் மேப்கியூப்ஏபிஐஸ் கடை

சேமித்த மேனிஃபெஸ்டில் முகவரிகளை மட்டும் மாற்றி ஒரு புதிய ரிவிஷனாக எழுதிவைக்கும். ஓடும் பொருள்களைத் தொடாது. அதன் பிறகு வழக்கமான ஹெல்ம் அப்கிரேட் போகும். ப்ளகின் நிறுவ முடியாத சூழலில் கையாலும் செய்யலாம்: சீக்ரெட்டின் «ரிலீஸ்» புலத்தை இரண்டு முறை பேஸ்64 பிரித்து, ஜீஜிப் விரித்தால் ஜேசான் வரும், திருத்தி அதே வரிசையைத் தலைகீழாகச் செய்து திரும்பப் போட வேண்டும். செய்வதற்கு முன் சீக்ரெட்டை ஒரு கோப்பில் எடுத்து வைக்காமல் தொடாதீர்கள்.

க்ளஸ்டரை அப்கிரேட் செய்வதற்கு முன்பே புதிய சார்ட்டை ஒரு முறை நிறுவியிருந்தால் இந்தப் பிரச்சினை எழுந்தே இருக்காது. பழைய முகவரியும் புதிய முகவரியும் இரண்டும் ஓடும் காலம் ஒன்று ஒவ்வொரு நீக்கத்துக்கு முன்னும் இருக்கும். அந்தக் காலத்தைப் பயன்படுத்துங்கள்.

ஹெல்ம் பக்கத்தில் இன்னும் இரண்டு. சார்ட்டில் «இந்த ஏபிஐ இருந்தால் இது, இல்லாவிட்டால் அது» என்று கேப்பபிலிட்டீஸ் நிபந்தனை எழுதியிருந்தால், வெறும் ஹெல்ம் டெம்ப்ளேட் உங்கள் க்ளஸ்டரைக் கேட்காது. ஹெல்ம் பைனரிக்குள் பொதிந்த பதிப்பை வைத்தே முடிவெடுக்கும். சிஐயில் ஒரு கிளை, நிஜத்தில் வேறு கிளை. --கியூப்-வெர்ஷன், தேவையானால் --ஏபிஐ-வெர்ஷன்ஸ் கொடுத்து ஓட்டுங்கள்.

மற்றது, «சார்ட் ரிக்வயர்ஸ் கியூப்வெர்ஷன் >=1.22.0 விச் இஸ் இன்கம்பேட்டிபிள்» என்ற பிழை. க்ளஸ்டரோ 1.27இல் இருக்கும். பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். கிளவுட் நிறுவனங்கள் தரும் க்ளஸ்டரில் பதிப்பின் வாலில் ஹைஃபன் போட்டு ஏதாவது சேர்ந்திருக்கும்: வி1.27.3-ஜிகேஇ அல்லது வி1.27.3-இகேஎஸ் என்பது போல. செம்வர் விதிப்படி ஹைஃபனுக்குப் பின் ஏதாவது இருந்தால் அது முன்வெளியீடு. சாதாரண நிபந்தனை முன்வெளியீட்டை ஏற்காது. சார்ட்.யாமலில் >=1.22.0-0 என்று எழுதினால் தீர்ந்தது. சார்ட் எழுதும் ஒவ்வொருவரும் அந்த -0ஐ முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

## அறிகுறி: ஆபரேட்டர் கிராஷ்லூப்பில், லாகில் «கேனாட் ஃபைண்ட் த ரிக்வெஸ்டட் ரிசோர்ஸ்»

யாமல் எல்லாம் சரி. ஆனால் ஆபரேட்டர் அல்லது இன்கிரெஸ் கன்ட்ரோலரின் லாகில் «ஃபெயில்டு டு லிஸ்ட் வி1பீட்டா1.இன்கிரெஸ்: த சர்வர் குட் நாட் ஃபைண்ட் த ரிக்வெஸ்டட் ரிசோர்ஸ்» என்று திரும்பத் திரும்ப வரும். முகவரி பைனரிக்குள் கம்பைல் ஆகியிருக்கிறது. கான்ஃபிக் மாற்றிப் பயனில்லை. அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும். அதன் ஆவணத்தில் எந்தப் பதிப்பு எந்தக் குபெர்நெட்டிஸுக்கு என்ற அட்டவணை இருக்கும். பழைய க்ளஸ்டரிலும் புதிய க்ளஸ்டரிலும் இரண்டிலும் ஓடும் பதிப்பைத் தேர்ந்து, க்ளஸ்டரைத் தொடுவதற்கு முன் அதை நிறுவுங்கள்.

இப்படி யார் யார் பழைய முகவரியைக் கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஏபிஐ சர்வரே உதவுகிறது:

கியூப்சிடிஎல் கெட் --ரா /மெட்ரிக்ஸ்

வெளியீட்டில் «ஏபிஐசர்வர்_ரிக்வெஸ்டட்_டெப்ரிகேட்டட்_ஏபிஐஸ்» என்ற மெட்ரிக்கைத் தேடுங்கள். எந்தக் குழு, எந்தப் பதிப்பு, எந்த ரிசோர்ஸ், எந்த வெளியீட்டில் நீக்கப்படும் என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது: இது சர்வர் கடைசியாகத் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் காட்டும், பல ஏபிஐ சர்வர்கள் இருந்தால் நீங்கள் எதில் போய் விழுந்தீர்களோ அதனுடையது மட்டும். நேற்று சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால், மாதம் ஒருமுறை ஓடும் கிரான்ஜாப் இதில் தெரியாது.

கேட்டது யார் என்பதை மெட்ரிக் சொல்லாது. அதற்கு ஆடிட் லாக். டெப்ரிகேட் ஆன (பின்னர் நீக்கப்படும் என்று அறிவித்த) முகவரிக்கு வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஆடிட் வரியில் «கே8எஸ்.ஐஓ/டெப்ரிகேட்டட்: ட்ரூ» என்ற அனோட்டேஷன் இருக்கும். அதே வரியில் யூசர்ஏஜென்ட்டும் சர்வீஸ் அக்கவுன்ட் பெயரும் இருக்கும். இந்த மூன்றையும் வடிகட்டி எடுத்தால் பட்டியல் கையில்.

புதிய பதிப்பை நிறுவிய பிறகு ஆபரேட்டர் கிராஷ் ஆகாமல், ஆனால் எதுவும் செய்யாமல் சும்மா நின்றால், லாகில் «ஃபர்பிடன்» தேடுங்கள். முகவரிக் குழு மாறும்போது ஆர்பிஏசியும் மாற வேண்டும். பழைய க்ளஸ்டர்ரோலில் ஏபிஐகுரூப்ஸ் «எக்ஸ்டென்ஷன்ஸ்» என்று மட்டும் இருந்தால் «நெட்வொர்க்கிங்.கே8எஸ்.ஐஓ» சேர்க்க வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுக்க முன்பு கான்ஃபிக்மேப்பைப் பயன்படுத்திய ஆபரேட்டர்கள் இப்போது லீஸுக்கு மாறிவிட்டன, «கோஆர்டினேஷன்.கே8எஸ்.ஐஓ» குழுவில் லீஸுக்கு கெட், கிரியேட், அப்டேட் அனுமதி இல்லாவிட்டால் எந்த ரெப்ளிகாவும் தலைவராகாது. சார்ட்டில் இமேஜ் டேகை மட்டும் மாற்றியவர்களுக்கு இது தவறாமல் வரும்.

கோ நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு: க்ளையன்ட்-கோ 0.30 என்பது குபெர்நெட்டிஸ் 1.30உடன் வெளியானது, எண் பொருத்தம் அப்படியே. கோ.மாட் கோப்பில் க்ளையன்ட்-கோ, ஏபிஐ, ஏபிஐமெஷினரி மூன்றும் ஒரே மைனரில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் பெரும்பாலும் கம்பைலே ஆகாது.

## அறிகுறி: 401, அல்லது டோக்கன் சீக்ரெட்டே இல்லை

1.24 முதல் சர்வீஸ் அக்கவுன்ட் உருவாக்கினால் அதனோடு டோக்கன் சீக்ரெட் தானாக வராது. அந்த சீக்ரெட்டின் பெயரைத் தேடி எடுக்கும் சிஐ ஸ்கிரிப்ட் வெறும் கையோடு திரும்பும். குறுகிய கால வேலைக்குக் கியூப்சிடிஎல் கிரியேட் டோக்கன் போதும். கால அளவை --டியூரேஷன் கொடுத்து மாற்றலாம். காலாவதியே ஆகாத டோக்கன் கட்டாயம் தேவைப்படும் வெளிக் கருவிக்கு, «குபெர்நெட்டிஸ்.ஐஓ/சர்வீஸ்-அக்கவுன்ட்-டோக்கன்» வகை சீக்ரெட்டைக் கையால் உருவாக்கி, சர்வீஸ் அக்கவுன்ட் பெயரை அனோட்டேஷனில் கொடுங்கள். அந்த சர்வீஸ் அக்கவுன்டுக்குக் கொடுக்கும் அனுமதியைக் குறைவாக வையுங்கள்.

பாடுக்குள் சில நேரம் கழித்து 401 வருவது வேறு கதை. 1.21 முதல் பாடுக்குள் மவுன்ட் ஆகும் டோக்கனுக்கு ஆயுள் உண்டு. கியூப்லெட் கோப்பை அவ்வப்போது புதுப்பிக்கும். தொடக்கத்தில் ஒருமுறை கோப்பைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் பழைய க்ளையன்ட் நூலகம் பழைய டோக்கனையே அனுப்பிக்கொண்டிருக்கும். பாடை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, மீண்டும் வரும் என்றால் இதுதான். «சர்வீஸ்அக்கவுன்ட்_ஸ்டேல்_டோக்கன்ஸ்_டோட்டல்» என்ற மெட்ரிக் ஏறுகிறதா பாருங்கள், நூலகத்தைப் புதுப்பியுங்கள்.

## அறிகுறி: நோட் «நாட்ரெடி», கியூப்லெட் எழவே இல்லை

நோடுக்குள் போய்:

ஜர்னல்சிடிஎல் -யு கியூப்லெட் -என் 50

«அன்னோன் ஃப்ளாக்: --நெட்வொர்க்-ப்ளகின்» என்றால் 1.24இல் டாக்கர்ஷிம்மோடு (கியூப்லெட்டை டாக்கரோடு இணைத்த பகுதி) சேர்ந்து போன ஃப்ளாக். «அன்னோன் ஃப்ளாக்: --கன்டெய்னர்-ரன்டைம்» என்றால் 1.27இல் போனது. கியூப்அட்ம் (க்ளஸ்டர் அமைக்கும் கருவி) கொண்டு அமைத்த நோடில் /வார்/லிப்/கியூப்லெட்/ அடைவில் உள்ள கியூப்அட்ம்-ஃப்ளாக்ஸ்.என்வ் கோப்பைத் திறங்கள். ஒரே வரிதான் இருக்கும். அதிலிருந்து அந்த ஃப்ளாக்கை மட்டும் வெட்டுங்கள். --கன்டெய்னர்-ரன்டைம்-எண்ட்பாயின்ட் என்பது வேறு, பெயர் ஒட்டி இருப்பதால் அதையும் சேர்த்து அழித்துவிட வேண்டாம். பிறகு கியூப்லெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சொந்தமாக நோட் இமேஜ் கட்டுபவர்கள் தங்கள் ஸ்கிரிப்டிலும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நோடிலும் இதே.

«சிஆர்ஐ வி1 ரன்டைம் ஏபிஐ இஸ் நாட் இம்ப்ளிமென்டட்» என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று. 1.26 முதல் கியூப்லெட் சிஆர்ஐ (கன்டெய்னர் ரன்டைமோடு பேசும் ஏபிஐ) வி1 மட்டுமே பேசும்; கன்டெய்னர்டி என்ற ரன்டைமின் 1.5க்கு அது தெரியாது, 1.6 வேண்டும். கன்டெய்னர்டி பதிப்பு புதியதுதான் என்றால் /இடிசி/கன்டெய்னர்டி/கான்ஃபிக்.டாம்ல் கோப்பில் «டிசேபிள்டு_ப்ளகின்ஸ்» பட்டியலைப் பாருங்கள். டாக்கர் தரும் பேக்கேஜில் வரும் கோப்பில் அங்கே «சிஆர்ஐ» என்று இருக்கும். கன்டெய்னர்டி ஓடும், ஆனால் கியூப்லெட்டுக்கு வாய் திறக்காது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு கன்டெய்னர்டியை ரீஸ்டார்ட் செய்யவும்.

டாக்கரிலிருந்து கன்டெய்னர்டிக்கு மாறிய நோடில் லாக் ஒவ்வொன்றின் முன்னும் நேரம், ஸ்டெட்அவுட், எஃப் என்ற எழுத்து என மூன்று சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் லாக் சேகரிப்பானின் பார்சர் இன்னும் டாக்கர் ஜேசான் வடிவத்தில் இருக்கிறது. சிஆர்ஐ பார்சருக்கு மாற்றுங்கள். எஃப் இருக்கும் இடத்தில் பி இருந்தால் நீள வரியின் துண்டு. பார்சர் அவற்றை ஒட்ட வேண்டும்.

## அறிகுறி: எந்தப் பாடும் உருவாகவில்லை, «ஃபெயில்டு காலிங் வெப்ஹூக்»

வெப்ஹூக் கான்ஃபிகரேஷனை வி1பீட்டா1இலிருந்து வி1க்கு மாற்றிய கையோடு வரும் கோளாறு. முகவரி மட்டும் மாறியது என்று நினைப்போம். இயல்பு மதிப்புகளும் மாறின. «ஃபெயில்யூர்பாலிசி» எழுதாமல் விட்டிருந்தால் பழையதில் «இக்னோர்», புதியதில் «ஃபெயில்». காத்திருக்கும் நேரம் 30 நொடியிலிருந்து 10 நொடி ஆனது. «சைட்எஃபெக்ட்ஸ்», «அட்மிஷன்ரிவ்யூவெர்ஷன்ஸ்» இரண்டும் கட்டாயம். எனவே முன்பு வெப்ஹூக் பாட் செத்திருந்தாலும் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது செத்தால் க்ளஸ்டரே முடங்கும். வெப்ஹூக் தன்னுடைய நேம்ஸ்பேஸையும் சோதிக்கும்படி எழுதியிருந்தால் தன் சொந்தப் பாடே எழ முடியாது. சாவி பூட்டுக்கு உள்ளே.

உடனடி விடுதலைக்கு: அந்த வேலிடேட்டிங் அல்லது மியூட்டேட்டிங் வெப்ஹூக் கான்ஃபிகரேஷனை யாமலாக எடுத்துச் சேமித்துவிட்டு டெலிட் செய்யுங்கள். பாட்கள் எழும். பிறகு கோப்பில் «ஃபெயில்யூர்பாலிசி»யை வெளிப்படையாக எழுதி, «நேம்ஸ்பேஸ்செலக்டர்» வைத்து கியூப்-சிஸ்டத்தையும் வெப்ஹூக்கின் சொந்த நேம்ஸ்பேஸையும் விலக்கித் திரும்பப் போடுங்கள். பாதுகாப்புக்காக வைத்த வெப்ஹூக் என்றால் டெலிட் செய்திருக்கும் இடைவெளியில் உள்ளே வந்தவற்றைச் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

## அறிகுறி: ட்ரெய்ன் (நோடைக் காலி செய்வது) மணிக்கணக்கில் நிற்கிறது

«கேனாட் எவிக்ட் பாட் அஸ் இட் வுட் வயலேட் த பாட்ஸ் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்» என்று ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும். பிடிபி என்பது பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட், ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை அகற்றலாம் என்ற வரம்பு. கியூப்சிடிஎல் கெட் பிடிபி -ஏ (பெரிய எழுத்து) போட்டு, அனுமதிக்கப்பட்ட இடையூறு 0 என்று காட்டும் வரியைப் பாருங்கள். ரெப்ளிகா 1, மின்அவெய்லபிள் 1 என்று இருந்தால் அந்தப் பாடை யாராலும் நகர்த்த முடியாது. ரெப்ளிகாவைத் தற்காலிகமாக 2 ஆக்குங்கள். பட்ஜெட்டை அழிப்பது கடைசி வழி.

முன்பு நிற்காத ட்ரெய்ன் 1.25க்குப் பிறகு நிற்கிறது என்றால் செலக்டரைப் பாருங்கள். வெற்றுச் செலக்டருக்கு பாலிசி/வி1பீட்டா1இல் பொருள் «எந்தப் பாடும் இல்லை». பாலிசி/வி1இல் «நேம்ஸ்பேஸில் உள்ள எல்லாப் பாடும்». ஒரே எழுத்து, நேர்மாறான பொருள். ஏபிஐவெர்ஷன் வரியை ஒட்டுமொத்தமாக மாற்றிய ஸ்கிரிப்ட் இதைக் கண்டுகொள்ளாது.

## அறிகுறி: நோட் மாறியதும் ஜாவா பாட் «ஓஓஎம்கில்டு»

கோட் மாறவில்லை, லிமிட் மாறவில்லை. நோடின் ஓஎஸ் மாறியிருக்கும். புதிய ஓஎஸ் இமேஜ்கள் சிகுரூப் (கெர்னல் நினைவகம், சிபியு வரம்பு போடும் அமைப்பு) வி2வில் வருகின்றன. சிகுரூப் வி2 தெரியாத ஜாவா, கன்டெய்னரின் லிமிட்டைக் காணாமல் நோடின் மொத்த நினைவகத்தைப் பார்த்து ஹீப் அளவை எடுத்துக்கொள்ளும். 512 எம்பி லிமிட் உள்ள பாட், 64 ஜிபி நோடில் தனக்கு 16 ஜிபி ஹீப் என்று நம்பி வளர்ந்தால் கெர்னல் கொல்லத்தான் செய்யும். நோடில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் எந்த ஃபைல்சிஸ்டம் என்று ஸ்டேட் கட்டளையால் பாருங்கள்: சிகுரூப்2எஃப்எஸ் என்றால் வி2, டிஎம்பிஎஃப்எஸ் என்றால் வி1. ஓப்பன்ஜேடிகே 8யு372, 11.0.16, அல்லது 15 முதல் எதுவும் வி2வைப் புரிந்துகொள்ளும். பேஸ் இமேஜை மாற்றும் வரை -எக்ஸ்எம்எக்ஸ் கொடுத்து ஹீப்பைக் கட்டிவையுங்கள்.

## சின்னச் சின்னவை

ஆப்ட் அல்லது யம் புதிய பதிப்பைக் காட்டவே இல்லை என்றால், பழைய ரெப்போக்கள் 2023 செப்டம்பர் 13இல் உறைந்து 2024 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது பிகேஜிஎஸ்.கே8எஸ்.ஐஓ. அங்கே ஒவ்வொரு மைனருக்கும் தனி ரெப்போ, 1.30இலிருந்து 1.31க்குப் போக ரெப்போ வரியிலும் எண்ணை மாற்ற வேண்டும்.

சிஸ்டம் இமேஜின் புதிய டேக் கிடைக்கவில்லை என்றால் முகவரி கே8எஸ்.ஜிசிஆர்.ஐஓ என்று இருக்கிறதா பாருங்கள். 2023 ஏப்ரல் 3இல் உறைந்தது, ரெஜிஸ்ட்ரி.கே8எஸ்.ஐஓ என்று மாற்றுங்கள். கன்டெய்னர்டி கான்ஃபிக்கில் உள்ள பாஸ் இமேஜ் வரியும் இதில் சேரும்.

கன்ட்ரோல் ப்ளேன் (க்ளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) நோடில் ஓட வேண்டிய பாட் 1.24இலோ அதற்குப் பின்னோ «பெண்டிங்»கில் நின்றால், டாலரேஷனில் (நோடின் தடையை மீறி ஓட அனுமதிக்கும் வரியில்) இன்னும் «மாஸ்டர்» என்று இருக்கும். «நோட்-ரோல்.குபெர்நெட்டிஸ்.ஐஓ/கன்ட்ரோல்-ப்ளேன்» சேர்க்கவும். நோட்செலக்டரையும் பாருங்கள்.

சிஆர்டியிலிருந்து பழைய பதிப்பை நீக்கும்போது «ஸ்டோர்டுவெர்ஷன்ஸ்: மஸ்ட் அப்பியர் இன் ஸ்பெக்.வெர்ஷன்ஸ்» என்று வந்தால் எட்சிடியில் அந்தப் பதிப்பில் சேமித்தவை இன்னும் இருக்கலாம் என்று பொருள். புதிய பதிப்பை ஸ்டோரேஜ் ஆக்கி, எல்லாப் பொருளையும் ஒருமுறை படித்து மாற்றமின்றி எழுதுங்கள். அதன் பின்னரே ஸ்டேட்டஸ் சப்ரிசோர்ஸில் பழைய பெயரை எடுங்கள். வரிசை மாறினால் பழைய பொருள்களைப் படிக்க முடியாமல் போகும்.

## அறிகுறியே இல்லை, ஆதரவு மட்டும் முடியப்போகிறது

இருப்பதிலேயே நல்ல நிலை இது. கன்ட்ரோல் ப்ளேனில் மைனர் தாண்டிக் குதிக்க முடியாது; 1.27இலிருந்து 1.30 போக 28, 29 வழியாகத்தான். ஆனால் கியூப்லெட் மூன்று மைனர் பின்தங்கலாம் என்பதால், கன்ட்ரோல் ப்ளேனை மூன்று படி ஏற்றிவிட்டு, 1.27 நோட்களைக் கடைசியில் ஒரேயடியாகப் புதிய 1.30 நோட்களாக மாற்றிக்கொள்ளலாம். ட்ரெய்ன் வேலை மூன்றில் ஒரு பங்கு.

மென்பொருள் பக்கத்தில், சிஐயில் கைண்ட் என்ற சோதனைக் க்ளஸ்டர் கருவி கொண்டு ஆதரவிலுள்ள ஒவ்வொரு மைனருக்கும் ஒரு க்ளஸ்டர் எழுப்பி அதில் நிறுவி, ஒருமுறை அப்கிரேடும் செய்து பாருங்கள். வெறும் நிறுவல் சோதனை மேலே சொன்ன ஹெல்ம் சீக்ரெட் பிரச்சினையைக் காட்டாது. கியூப்கன்ஃபார்ம் கருவிக்கு அடுத்த பதிப்பின் எண்ணைக் கொடுத்து எல்லா யாமலையும் ஓட்டுவது இரண்டு நிமிட வேலை.

கன்ட்ரோல் ப்ளேனை முந்தைய மைனருக்கு இறக்குவதற்கு ஆதரவு கிடையாது. ஒவ்வொரு படிக்கு முன்னும் எட்சிடி ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை அந்த மெஷினுக்கு வெளியே வைத்து, ஒரு காலி மெஷினில் ரீஸ்டோர் ஆகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கியூப்அட்ம் அப்கிரேட் ப்ளான் தட்டுங்கள்.